கோமேதகத்தின் இடப்பக்கம்

நவம்பர் 4, செவ்வாய்

என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாவுக்கட்டைப் பிரித்து வெளியே எடுத்த வலது கை, யாருடையதையோ கொண்டுவந்து ஒட்டவைத்தது போல இருக்கிறது. பிசியோதெரபி செய்யும் பெண் தினமும் கொஞ்சம் எழுதச் சொல்லியிருக்கிறாள்.

"என்னம்மா எழுதறது?"

"எதையாவது எழுதுங்க டாக்டர். அன்னிக்கு நடந்தத எழுதுங்க. விரல் ஓடணும், அவ்ளோதான்."

அதனால் எழுதுகிறேன். நான் பல் டாக்டர். பெயர் திருமூர்த்தி. ஊர் கோயம்புத்தூர். ஆகஸ்டில் குதிரை மேலிருந்து விழுந்து மணிக்கட்டு நொறுங்கியது. அன்றிலிருந்து கிளினிக்கை ஜூனியர் பார்த்துக்கொள்கிறார்.

தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு சவாரிப் பள்ளி இருக்கிறது. என் குதிரை கோமேதகம் அங்கேதான் நிற்கிறது. பந்தயத்தில் ஓடி முடித்த செம்பழுப்புப் பெண்குதிரை. சரியான முரடு. அன்றைக்குத் தடை தாண்டிப் பழகிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடைக்காக இடப்பக்கம் திரும்பினேன். தடைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டது. சாட்டையால் ஒன்று கொடுத்தேன். பக்கவாட்டில் ஒரு துள்ளல். தடையை நான் மட்டும் தாண்டினேன்.

ஆஸ்பத்திரியில் நான் ஏதேதோ சொன்னேன் என்கிறாள் என் மனைவி வளர்மதி. வலியில் இருப்பவன் சொல்வதற்கெல்லாம் அர்த்தம் தேடக்கூடாது.

நவம்பர் 6, வியாழன்

சட்டையில் இரண்டு பித்தான் நானே போட்டேன். மீதியை வளர்மதி போட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று பள்ளிக்குப் போனோம். காரை வளர்மதி ஓட்டினாள். போகலாம் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமுங்க" என்றாள். என் குதிரையை நான் பார்ப்பதற்கு எதற்கு நாள் பார்க்க வேண்டும்?

லாயத்தில் கோமேதகம் இல்லை. மைதானத்தின் பக்கம் குளம்புச் சத்தம் கேட்டது. வேலி ஓரமாகப் போய் நின்றேன்.

மேகலா ஏறியிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், உடுமலைப்பேட்டைப் பெண். பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கிறாள். என் குதிரையில் ஏறச் சொல்லி அவளுக்கு நான் அனுமதி கொடுத்த நினைவில்லை.

கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்கள் முதல் தடைக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டு வருஷமாக அந்தக் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறேன். தரையில் நின்று அது தாண்டுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. மேலே இருக்கும்போது இரண்டு காதும் ஒரு கட்டையும்தான் தெரியும். இங்கிருந்து பார்த்தால் வேறு மிருகம். கழுத்து வில்லாக வளைகிறது. மூச்சு துருத்தி மாதிரி வருகிறது. தடைக்கு முன்னால் ஒரு கணம் உடம்பு முழுவதும் பின்னங்காலுக்குள் போய் ஒடுங்குகிறது. இனி அவ்வளவுதான், நின்றுவிடும் என்று நினைக்கும்போது மண் தெறிக்கிறது. வயிறு மேலே போகிறது. முன்னங்கால்கள் நெஞ்சுக்குள் மடிகின்றன. அந்தப் பெண் காற்றில் அதோடு சேர்ந்து குனிகிறாள். இருவரும் இறங்கும் சத்தம் என் உள்ளங்காலில் கேட்டது.

எட்டுத் தடை. ஒரு கட்டைகூட விழவில்லை. கடைசித் தடையில் நான் வேலியை வலது கையால் பிடித்திருந்தேன். விட்ட பிறகுதான் வலித்தது.

அதன் பிறகு யோசித்தேன். எனக்கு இரண்டு தடைக்கு ஒன்றில் நின்ற குதிரை இவளுக்கு எப்படி இப்படித் தாண்டுகிறது?

என்னைப் பார்த்ததும் அவள் இறங்கிவிட்டாள். பள்ளியை நடத்தும் மாஸ்டர் ஹமீது ஓடிவந்தார். முன்பு போலீஸ் குதிரைப் படையில் இருந்தவர். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"சும்மா எக்சர்சைஸ்தான் டாக்டர். நிறுத்தியே வெச்சிருந்தா கால் விறைச்சுக்கும்."

"எக்சர்சைஸுக்கு இவ்ளோ உசரமா?"

அவர் வளர்மதியைப் பார்த்தார். வளர்மதி கார்ச் சாவியைப் பார்த்தாள்.

நவம்பர் 12, புதன்

மூன்று பேருக்கும் ஏதோ தெரியும்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடியும் போனேன். கவனித்ததை எழுதிவைக்கிறேன்.

எல்லோரும் குதிரையில் இடப்பக்கமாக ஏறுவார்கள். மேகலா வலப்பக்கமாக ஏறுகிறாள். தடைகளை மாற்றி வைத்திருக்கிறார்கள். எந்தத் தடைக்குப் போனாலும் வலப்பக்கம் திரும்பியே போகும்படி. அவளுடைய இடது கை ஓயாமல் குதிரையின் கழுத்தில் எதையோ செய்துகொண்டிருக்கிறது. வாய் ஓயாமல் பேசுகிறது. லாயத்துக்குள் வந்தால் உடனே குதிரையின் முகத்தில் ஈ வலை கட்டிவிடுகிறார்கள். கண் இரண்டையும் மூடும் கறுப்பு வலை.

"எதுக்கு வலை?"

"ஈத் தொல்லைங்க சார்" என்றாள் மேகலா.

பக்கத்துக் கொட்டடியில் நிற்கும் குதிரைகளுக்கு வலை இல்லை. ஈ என்ன ஆள் பார்த்தா வருகிறது?

பல் வைத்தியத்தில் ஒன்று கற்றிருக்கிறேன். வலி இருக்கும் இடத்தை மட்டும் நோயாளி நாக்கால் மூடிக்கொள்வான்.

நவம்பர் 19, புதன்

தெரபி அறையில் ஒரு பாட்டி எனக்கு முன்னால் வந்துவிட்டார். அரை நாள் போனது. ரப்பர் பந்தை அழுத்தினேன்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் போனில் படித்தேன். சில நாடுகளில் குதிரையின் முன்னங்காலில் மிளகாய்ச் சாற்றைத் தடவுவார்களாம். கட்டை பட்டால் எரியும். எரியக்கூடாது என்று குதிரை கூடுதலாகத் தாண்டும். கண்டுபிடித்தால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் போட்டி நடக்கப்போகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

மேகலா பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நேரமாகப் பார்த்து லாயத்துக்குள் போனேன். இடப்பக்கமாகப் போய்க் குனிந்து முன்னங்காலைத் தொட்டேன். கோமேதகம் பிசாசைக் கண்டது போல அலறித் திரும்பியது. என்னைக் கதவோடு சேர்த்து நசுக்கியது. நல்ல வேளை, கை தப்பியது.

ஆனாலும் விரலில் பட்டதை முகர்ந்தேன். கற்பூர எண்ணெய் வாடை. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு. எரியவில்லை. கழுவியிருக்கலாம்.

சத்தம் கேட்டு மேகலா ஓடிவந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, நானிருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகுதான், "அடி கிடி பட்டுருச்சுங்களா சார்?" என்று கேட்டாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கீங்க இத? முன்ன இது இப்படிப் பயப்பட்டதே இல்லையே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வரும்போது கொஞ்சம் பேசிக்கிட்டே வாங்க சார்" என்றாள்.

என் குதிரையிடம் போக நான் குரல் கொடுத்து அனுமதி கேட்க வேண்டுமாம்.

நவம்பர் 24, திங்கள்

மேகலாவை "டி" போட்டுப் பேசியிருக்கக் கூடாது என்றாள் வளர்மதி. நேற்று அவள் அங்கே இல்லை. வெளியே காரில் இருந்தாள். யார் சொன்னது?

டிசம்பர் 2, செவ்வாய்

பள்ளிக்குப் போகும் வழியில் கால்நடை டாக்டரின் ஜீப் எதிரே வந்தது. கை காட்டினேன். அவர் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

"டாக்டர் எதுக்கு வந்தாரு?" என்று ஹமீது மாஸ்டரைக் கேட்டேன்.

"எந்த டாக்டர்?"

"இப்பத்தானே போறாரு."

"ஓ, அவரா. குட்டிக் குதிரைக்கு வயித்து வலி."

குட்டிக் குதிரை வாசலில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. வயிற்று வலிக்காரன் போலத் தெரியவில்லை.

சுல்தான் விஷயத்தில் இந்த மாதிரி ஒளிவுமறைவு இருக்கவில்லை. சுல்தான் என் முந்தின குதிரை. கால் நொண்ட ஆரம்பித்தது. இனி தாண்டாது என்றார்கள். அதே வாரம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவரிடம் கொடுத்துவிட்டேன். நல்ல சாப்பாடு போடுவார் என்றார்கள். தாண்டாத குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றைக்கு லாயத்துக்குப் பின்னால் நின்று அழுதது இதே மேகலாதான். ஊர்வலக்காரர் வந்து கூட்டிப் போகும்போது நான் கிளினிக்கில் இருந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

குளித்துவிட்டு வரும்போது வளர்மதி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இப்ப சொல்ல வேண்டாம் கண்ணு. போட்டி முடியட்டும். நான் பாத்துக்கறேன்."

நான் கேட்கவில்லை. இட்லி சாப்பிட்டேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் என்னிடம் ஒளித்தது, தன் தம்பிக்கு வேலை போனதை மட்டும்தான். அதையும் இரண்டு நாளில் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 6, சனி

கேட்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

யாருக்கும் சொல்லாமல் ஆட்டோவில் போனேன். பள்ளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். இந்த வயதில் இப்படி ஒளிந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மேகலா மைதானத்தில் தனியாக இருந்தாள். குதிரை இல்லை. துப்பட்டாவை நீளவாக்கில் மடித்து இடது கண்ணை மூடித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தாள். அந்தக் கோலத்தில் தடைகளுக்கு நடுவே நடந்தாள். ஒவ்வொரு தடையிலும் இடப்பக்கமாகத் திரும்பி, நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். ஒரு தடையில் தோள் இடித்துக் கட்டை விழுந்தது. எடுத்து வைத்துவிட்டு மறுபடி நடந்தாள். மறுபடி இடித்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவளுக்கு இடது கண் பழுது. அதனால்தான் வலப்பக்கமாக ஏறுகிறாள். வலப்பக்கமாகவே திரும்புகிறாள். கண் தெரியாத பெண்ணை என் குதிரை மேல் ஏற்றிவிட்டு, இவர்கள் எல்லோரும் சேர்ந்து மூடி மறைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஆசுவாசமாகக் காபி குடித்தேன். பல நாளுக்குப் பிறகு காபி நன்றாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

நேருக்கு நேர் கேட்டேன். "மேகலா, உன் கண்ணுக்கு என்ன?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "எந்தக் கண்ணுங்க சார்?"

"இடது கண்ணு. எனக்கு எல்லாம் தெரியும்."

ஹமீது மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். மேகலா வேலியைப் பிடித்துக்கொண்டாள். "சார்... அது..." என்று ஆரம்பித்தாள்.

"கண்ணு தெரியாம நீ எப்படி ஓட்டுவ? விழுந்து கழுத்து முறிஞ்சா யாரு பதில் சொல்றது? கண்ணாஸ்பத்திரிக்குப் போ. சரியா இருக்குன்னு டாக்டர் சொன்னாத்தான் நீ ஏறலாம்."

இருவரும் என்னையே பார்த்தார்கள். பிறகு மேகலாவின் முகம் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்குவது போலவும் இருந்தது.

"சரிங்க சார். நாளைக்கே போறேனுங்க."

தப்பித்துவிட்டவள் மாதிரி ஒரு குரல். அது எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

மேகலாவுக்கு இரண்டு கண்ணும் கழுகுக் கண் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து கேட்டேன். உண்மைதான்.

அப்படியானால் துப்பட்டா எதற்கு?

டிசம்பர் 28, ஞாயிறு

வீட்டில் விருந்தாளிகள். நான் போகவில்லை. பேனா பிடிக்கும்போது சுண்டுவிரல் நடுங்குவது நின்றிருக்கிறது.

மனதுக்குள் அந்தக் குதிரை தாண்டிக்கொண்டே இருக்கிறது. சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது. எழும்பும்போது வால் விசிறுவதும், இறங்கும்போது அவள் கையைத் தளர்த்திக் கழுத்துக்கு இடம் விடுவதும். நான் ஒருநாளும் அப்படிக் கையைத் தளர்த்தியதில்லை. தளர்த்தினால் இழுத்துக்கொண்டு ஓடிவிடும் என்று பயம். பயம் என்று எழுதிவிட்டேன். ஜாக்கிரதை என்று இருக்க வேண்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

வேலி ஓரத்தில் நின்று பார்த்தேன். தடையை உயர்த்தியிருக்கிறார்கள். என் மார்பு உயரம். அவ்வளவு உயரத்துக்கு நான் கோமேதகத்தை விட்டதே இல்லை. பக்கத்தில் வளர்மதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை குதிரை எழும்பும்போதும் அவளும் குதிகாலைத் தூக்கினாள். நானும் தூக்கியிருக்கிறேன் போல. முடிந்ததும் இருவருக்கும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

ஒரு நிமிஷம் அவளிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவள் சந்தோஷமாக இருந்தாள். விட்டுவிட்டேன்.

ஜனவரி 14, புதன்

நாளை பொங்கல். வளர்மதியோடு காரில் கரும்புக் கட்டு வாங்கப் போனவன், ஒரு கழியைத் துண்டு போட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன். மேகலா துணி மாற்றப் போயிருந்தாள். கோமேதகம் கொட்டடியில் நின்றது. வலை அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

முந்தின முறை நசுங்கிய நினைவு இருந்ததால், "அடியே, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கமாகப் போய்க் கரும்பை நீட்டினேன். காது என் பக்கம் திரும்பியது. மூக்கு விடைத்தது. வாசனை தெரிகிறது. ஆனால் வாய் காற்றில் அங்குமிங்கும் துழாவியது. கரும்பு அதன் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கரும்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெறும் கையைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோனேன். இமைக்கவில்லை. இன்னும் கிட்டே. இமைக்கவில்லை. கருவிழிக்குள் நீலமாக ஒரு மேகம். பழைய கோலி குண்டு மாதிரி.

மறுபக்கம் போனேன். வலது கண் என்னைப் பார்த்தது. கரும்பைப் பிடுங்கியது.

மேகலா வந்து பின்னால் நிற்பது எனக்குத் தெரியவில்லை.

"எப்ப இருந்து?" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் ஹமீது மாஸ்டர் வந்துவிட்டார். அவர்தான் சொன்னார். "நீங்க விழறதுக்கு முன்னாடியே மங்கிட்டு வந்திருக்கு டாக்டர். நமக்குத்தான் தெரியல. உள்ளுக்குள்ள திரும்பத் திரும்பப் புண்ணாயிருக்கு. செப்டம்பர்ல சுத்தமா போயிடுச்சு. இப்ப வலி ஒண்ணும் கிடையாது. நம்ம கால்நடை டாக்டர் வந்து வந்து பாக்கறாரு."

"என் குதிரைக்குக் கண்ணு போனது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

ஹமீது மாஸ்டர் தொங்கிய வலையை அவிழ்த்து மடித்தார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னங்க சார் பண்ணியிருப்பீங்க?" என்றாள் மேகலா. கண்ணைத் தாழ்த்தவில்லை. "சுல்தானப் பேரூர்ல ஒரு ஊர்வலத்துல பாத்தேனுங்க சார். பேண்டு சத்தத்துல நடுங்கிட்டு நின்னுச்சு. என்னையத் தெரிஞ்சுக்கிச்சு. அவுத்துட்டு வர எனக்கு உரிமை இல்லீங்க."

"அது வேற. அதுக்கும் இதுக்கும்..."

"ஆஸ்பத்திரில உங்க கட்டிலுக்குப் பக்கத்துல நானும் நின்னேனுங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா? 'அத ஊசி போட்டு முடிச்சிருங்க'ன்னீங்க. மூணு தடவை சொன்னீங்க. அப்ப அதுக்கு இடது கண்ணு கொஞ்சமாச்சும் தெரிஞ்சுட்டிருந்துச்சு. கண்ணே போச்சுன்னு உங்ககிட்ட எப்படிங்க சார் வந்து சொல்றது? அதான், தாண்டும்னு முதல்ல காட்டிட்டு அப்பறம் சொல்லலாம்னு இருந்தோமுங்க."

நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். வளர்மதி வண்டியை எடுக்கவில்லை.

"உனக்கும் தெரியும்."

"தெரியுமுங்க. பயமா இருந்துச்சு."

"குதிரைக்கு என்னாகுமோன்னா?"

"இல்லீங்க. உங்களப் பாத்து."

கரும்புக் கட்டை வாங்க மறந்துவிட்டோம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது. நானும் கூவினேன்.

சாயங்காலம் வளர்மதியிடம், "நான் அவ்வளவு மோசமானவனா?" என்று கேட்டேன். "மோசம்னு இல்லீங்க. உடைஞ்சத நீங்க பக்கத்துல வெச்சுக்க மாட்டீங்க" என்றாள். பிறகு என் வலது கையை எடுத்து எண்ணெய் தேய்த்துவிட ஆரம்பித்தாள்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். பள்ளியில் குதிரைகளைக் குளிப்பாட்டி மாலை போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மேகலா கோமேதகத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

போட்டிக்கு இன்னும் இரண்டு நாள். நடுவரிடம் விசாரித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர்களுடைய கால்நடை மருத்துவர் பார்த்துச் சம்மதித்து, குதிரையின் சொந்தக்காரரும் தெரிந்தே விடுகிறேன் என்று சொன்னால் ஒற்றைக் கண் குதிரை இறங்கலாமாம். சொந்தக்காரன் நான்.

"போட்டில எல்லாப் பக்கமும் திரும்பணும். இடப்பக்கமும் வரும். உனக்குப் பயமில்லையா?"

"இருக்குங்க சார். அதுக்கும் இருக்கும். அதுக்கு ஒரு பக்கம் தெரியாது, அந்தப் பக்கத்த நான் பாத்துச் சொல்லிடறேன். எனக்குத் தாண்டத் தெரியாது, அத அது பாத்துக்குது."

அழகாகப் பேசுகிறாள். அழகாகப் பேசுகிறவர்களை நான் எளிதில் நம்புவதில்லை. எனக்கு ஏமாற்று வேலை என்று தோன்றியதெல்லாம் இதுதான் என்று இவள் இப்போது சொல்கிறாள். கழுத்தில் அசைந்த கை, ஓயாத வாய், துப்பட்டா. வேறு எதுவும் இல்லை என்று எப்படித் தெரியும்?

இரண்டு தரம் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். விழுந்து அவள் கழுத்து முறிந்தால் சம்மதம் சொன்னவன் நான். சொல்லாவிட்டால் அந்தக் குதிரை கொட்டடியில் நிற்கும். நின்றால் நான் அதை என்ன செய்வேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வந்து, "ஓட்டு" என்றேன்.

அவள் நகரவில்லை. நான் சொன்னதை நம்பவில்லை என்று தெரிந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

கூட்டம் நிறைய. சென்னை, பெங்களூர், ஊட்டி வண்டிகள். நடுவர் முன்னால் நின்று, "தெரிந்தேதான் விடுகிறேன்" என்று சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

முதல் சுற்றில் பன்னிரண்டு குதிரைகள். கட்டைகள் சடசடவென்று விழுந்தன. ஒரு சாம்பல் குதிரை தடைக்குள்ளேயே புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தது. பிறகு கோமேதகம் வந்தது.

வாசலிலேயே இரண்டு கால் தூக்கி நின்றது. கூட்டம் ஓ என்றது. மேகலா அசரவில்லை, குனிந்து ஏதோ சொன்னாள். காது பின்னால் திரும்பிக் கேட்டது. மணி அடித்ததும் நெருப்பு மாதிரி கிளம்பியது.

முதல் தடை. இரண்டாவது. தண்ணீர்த் தடைக்கு முன்னால் வேகம் கூடியபோது அவள் இழுக்கவில்லை, உட்கார்ந்தாள், அவ்வளவுதான். குதிரை நீண்டு, தண்ணீருக்கு மேலே ஒரு மூச்சு நேரம் தங்கியே விட்டது. ஒரு கட்டையும் விழாமல் முடித்தார்கள். யாரோ கத்தினார்கள். நான்தான்.

பக்கத்தில் நின்ற சென்னைக்காரர், மகள் போட்டியில் இருக்கிறாளாம், தன் நண்பரிடம் சொன்னார்: "அந்தச் செவப்புக் குதிரைக்கு என்னமோ குடுத்திருக்காங்க சார். ஒரு பக்கமாவே தலைய வெச்சுக்கிட்டுப் போவுது பாருங்க. நார்மலே கெடயாது. கம்ப்ளெய்ன்ட் பண்ணணும்."

இரண்டு மாதமாக என் தலைக்குள் ஓடிய குரல் வெளியே வந்து பக்கத்தில் நின்று பேசியது. கேட்க அசிங்கமாக இருந்தது.

"அது என் குதிரைங்க" என்றேன். "ஒண்ணும் குடுக்கல. இடது கண்ணு தெரியாது. அதான் தலைய அப்படி வெச்சுக்குது."

எங்களைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். இதை நான் உரக்கச் சொல்வது அதுவே முதல் தடவை.

"ஒத்தக் கண்ணா?" அவர் குரல் இறங்கியது. "தெரிஞ்சேவா சார் ஒரு பொண்ண ஏத்தி விட்டீங்க?"

நான் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டை தள்ளாதவர்கள் நான்கு பேருக்கு இரண்டாம் சுற்று. இதில் நேரமும் கணக்கு. கடைசி இரட்டைத் தடைக்கு இரண்டு வழி. வலப்பக்கமாகச் சுற்றிப் போனால் தூரம், பத்திரம். இடப்பக்கமாக வெட்டித் திரும்பினால் கிட்டே, ஆனால் திரும்பி முடிக்கும்வரை கோமேதகத்துக்குத் தடையே தெரியாது. அவள் சுற்றித்தான் போவாள் என்று ஹமீது மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அவள் இடப்பக்கம் திருப்பினாள்.

வளர்மதி என் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள். "வா வா வா வா" என்று மேகலாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. குதிரை தெரியாத பக்கத்துக்குள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. அவள் அதன் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தாள், வலது கண்ணுக்குத் தடை அகப்படும்வரை. அகப்பட்டது. ரொம்பக் கிட்டே, ரொம்பத் தாமதம். நிற்கும் என்று நினைத்தேன். எனக்கு நின்றது அங்கேதான், இப்படி ஒரு திருப்பத்தில்.

நேர் மேலே எழும்பியது. ஓட்டம் இல்லாமல், நின்ற இடத்திலிருந்து, முதுகை உடைத்துக்கொள்வது போல. பின்னங்கால் கட்டையில் பட்டது. கட்டை உருண்டது, அதைத் தாங்கும் கொக்கியின் விளிம்புக்கு வந்தது, அங்கேயே நின்றது. அதைப் பார்ப்பதற்குள் அவர்கள் இரண்டாவதையும் தாண்டியிருந்தார்கள்.

கூட்டம் போட்ட சத்தத்தில் கோமேதகம் மிரண்டு மைதானத்தை இன்னும் ஒரு சுற்று ஓடியது. மேகலா கடிவாளத்தை விட்டுவிட்டுக் கழுத்தில் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் இடம். முதலிடம் யாருக்கு என்று கவனிக்கவில்லை. சென்னைக்காரர் கை கொடுத்தார். வலது கையைக் கொடுத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

கடைசி தெரபி. விரல், மணிக்கட்டு எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ் டாக்டர். திங்கக்கிழமையிலிருந்து கிளினிக் போகலாம். குதிரையும் ஓட்டலாம். எழுதறத இனி நிறுத்திக்கலாம்" என்றாள்.

ஜனவரி 22, வியாழன்

காலையில் பள்ளிக்குப் போனேன். கை சரியாகிவிட்டது என்று வளர்மதி போனில் சொல்லியிருக்கிறாள்.

கோமேதகம் சேணம் பூட்டித் தயாராக நின்றது. உடம்பு பளபளவென்று தேய்த்திருந்தது. மேகலா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. சேணத்தின் இரண்டு பக்கமும் கால் வைக்கும் அங்கவடிகளை என் காலுக்குத் தக்கபடி நீளமாக இறக்கி விட்டிருந்தாள்.

"இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் முன்னாடியே பேச ஆரம்பிச்சிருங்க சார். கழுத்துல கைய வெச்சுக்கிட்டீங்கன்னா போதும். என்ன பேசுனாலும் சரிதானுங்க. அதுக்குக் குரல் கேக்கணும்." மூச்சு விடாமல் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி. பிறகு கடிவாளத்தை நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. அங்கவடி வாரின் கொக்கியை அவிழ்த்தேன். புது வார், விறைப்பாக இருந்தது. ஒவ்வொரு துளையாக மேலே ஏற்றினேன். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரியாமல் அவளுடைய காலைப் பார்த்தேன். மறுபக்கம் போய் அதையும் ஏற்றினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கை இன்னும் சரியாகவில்லை என்று சொல்லியிருப்பேன்.

"தடை எவ்ளோ உசரம் வைக்கட்டுங்க சார்?" என்றாள் கடைசியில்.

"உன் இஷ்டம். நல்லாத் தெரியற மாதிரி வை. நான் வேலிகிட்ட நிக்கிறேன்."